அடியில் படிந்ததும் மேலே நின்றதும்

தன் புருஷன் இன்னொருத்தியிடம் மனதைப் பறிகொடுத்துவிட்டான் என்று ஏவிஸ் முடிவு கட்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில். ஆட்டுத்தொடையை அடுப்பில் வாட்டி மேசைக்குக் கொண்டுவந்திருந்தாள். லோத்தர் நோஸ்கே கத்தியைக் கையில் பிடித்தவன் கறியை வெட்டாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"கிளெனிஸ் உப்புக் கரைசலை எப்படிக் கலக்குறா தெரியுமா?" என்றான்.

"அவ எப்படிக் கலந்தா நமக்கென்ன? கறி ஆறுது."

"அளக்கிறதே இல்ல ஏவிஸ். கண்ணால பாத்து ஊத்துறா. ஆனா சரியா வந்துடுது. எப்படி வருதுங்கிறேன்?"

ஏவிஸ் கத்தியைப் பிடுங்கித் தானே கறியை வெட்டினாள். பல வருடங்கள் கழித்து இதை என்னிடம் சொன்னபோதும் அவள் குரலில் சூடு இருந்தது. "எங்க கல்யாணத்துக்கு முன்னாடி என் பேரைக்கூட அவன் அத்தனை தடவை சொன்னதில்ல. காலைல கிளெனிஸ், ராத்திரி கிளெனிஸ். எந்தப் பொண்டாட்டிதான் சும்மா இருப்பா, சொல்லு?"

அடிலெய்டில் நாங்கள் வேலை பார்த்த கட்டடத்தில் லோத்தருக்கு அடுத்த அறை என்னுடையது. நான் நண்டின் நரம்பில் ஊசி செருகி மின்சாரம் அளப்பவன். அவன் ஆட்டு மூளையை அரைப்பவன். மதியச் சாப்பாடு ஒன்றாகத்தான். பரோசா பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரக் குடும்பம் அவனுடையது. ஜெர்மன் வம்சம், லூத்தரன் சர்ச். தோட்டம் அண்ணனுக்குப் போயிற்று, படிப்பு இவனுக்கு வந்தது. வீட்டிலிருந்து வரும் தடித்த சாசேஜைக் கத்தியால் ஒரே கனத்தில் வெட்டி ரொட்டியில் அடுக்குவான். எல்லாவற்றிலும் அப்படித்தான். பெரிய கைகள், நிதானமான நடை. அவன் ஒரு கண்ணாடிக் குழாயை உடைத்து நான் பார்த்ததில்லை. எந்தக் கரைசலையும் அளந்து பார்க்காமல் கீழே ஊற்றமாட்டான். அதைச் சொல்லிப் பெருமைப்படுவான்.

அவன் பிடிக்க நினைத்தது சோடியம் வாய்க்கால். நரம்பைச் சுற்றி ஒரு கொழுப்புச் சவ்வு இருக்கிறது. அதில் குறுக்கே பாய்ந்து உட்கார்ந்திருக்கும் புரதம் அது. அது திறந்தால் சோடியம் உள்ளே பாயும், நரம்பு துடிக்கும். நான் ஊசியால் அளந்த துடிப்பெல்லாம் அதன் வேலைதான். அதைச் சவ்விலிருந்து வெளியே எடுத்துத் தனியாக, உயிரோடு, ஒரு குழாயில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பது லோத்தரின் ஆசை.

வெளியே எடுப்பது பெரிய காரியமில்லை. இறைச்சிக்கூடத்திலிருந்து ஐஸில் வந்த மூளையை அரைத்து, மெஷினில் வேகமாகச் சுழற்றிக் கனமானதை அடியில் படியவைத்து, சவ்வை மட்டும் பிரித்து, அதில் சோப்பு சேர்க்க வேண்டும். டிடர்ஜென்ட் என்று புட்டியில் எழுதியிருந்தாலும் நாங்கள் சோப்பு என்றுதான் சொல்வோம். பாத்திரத்தில் ஒட்டிய எண்ணெயை எப்படிப் பிடித்து இழுக்கிறதோ, அப்படியே சவ்வின் கொழுப்பைக் கரைத்துப் புரதத்தை நீருக்குள் இழுத்துவிடும். ஆனால் இழுத்ததும் வாய்க்கால் செத்துப்போகும். அதுதான் பிரச்சினை.

உயிர் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க ஒரு நஞ்சு வைத்திருந்தார்கள். எங்கள் கடற்கரைப் பாறைக் குட்டைகளில் நீல வளையங்களோடு ஒரு சின்ன ஆக்டோபஸ் உண்டு. அது கடித்தால் மூச்சு நின்றுவிடும். அதனிடம் இருக்கும் அதே நஞ்சு. உயிருள்ள வாய்க்காலை மட்டும் அது கவ்விப் பிடிக்கும். அந்த நஞ்சில் கதிர்வீச்சு ஏற்றிக் கலந்தால், எவ்வளவு பிடித்தது என்பதை மெஷின் எண்ணிச் சொல்லும். சவ்வில் இருக்கும்வரை லோத்தருக்கு நல்ல எண் வரும். சோப்பு போட்டபின் மதியத்துக்குள் எண் சரிந்து ஒன்றுமில்லாமல் போகும்.

கடுமையான சோப்பு, மென்மையான சோப்பு, உப்பைக் கூட்டி, குறைத்து, இன்னும் குளிரில் என்று வருடக்கணக்காக முயன்றான். வெளியே பிப்ரவரி வெயில் தார்ச்சாலையை உருக்கும். இவன் ஏவிஸ் பின்னிய கம்பளித் தொப்பியோடு குளிர் அறைக்குள் நிற்பான். கட்டடத்தில் எல்லாரும் கேலி செய்வார்கள்.

"இந்த வாரமும் செத்துருச்சா லோத்? பேசாம ரொட்டித்தூள்ல பெரட்டி வறுத்துடலாம்டா. எங்கம்மா நல்லா பண்ணுவா."

"உங்கம்மாவுக்கு மூளை எங்க கெடைச்சுது? வீட்டுல யாருக்கும் இருந்த மாதிரி தெரியலையே," என்பான் அவன். கேலி அவனை உறுத்தவில்லை. அந்த வாய்க்கால் அவனுடையது என்று எல்லாரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். தோற்பதானாலும் அவன் மட்டும்தானே தோற்றான்.

அப்போதுதான் கிளெனிஸ் பாஸ்கோ வந்து சேர்ந்தாள். மூன்டா பக்கம், பழைய செம்புச் சுரங்கக்காரர்களின் பேத்தி. இங்கிலாந்தில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்தாள். லோத்தரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சிறியவள். எங்கள் ப்ரொஃப் விட்ஃபோர்ட், லோத்தரின் மேசையில் பாதியை அவளுக்குக் கொடுத்தார். குளிர் அறைக்குள் நின்று உரக்கப் பாடுவாள். சுருதி சேராது.

முதல் வாரமே லோத்தரின் தோள்மேல் எட்டிப் பார்த்துக் கேட்டாள். "சவ்வுக் கொழுப்பு முழுக்கக் கரைஞ்சு போகுதா?"

"முழுக்க. துளி விடறதில்ல. சுத்தமா இருக்கணும்ல?"

"அதான் சாகுது. குளிர்ல துணியை உருவிட்டு நிக்க வச்சா யாரா இருந்தாலும் சாவாங்க. சோப்போட கொஞ்சம் கொழுப்பையும் கலந்து குடுத்துப் பாரேன்."

"சோப்பு போடுறதே கொழுப்பை எடுக்கத்தான். அதுலயே கொழுப்பைக் கலக்கவா?"

"ஆமா. முட்டைக் கொழுப்பு போதும்."

லோத்தர் சிரித்தான். அன்று சாப்பாட்டு நேரத்தில் இதை ஒரு வேடிக்கையாக என்னிடம் சொன்னான். அப்புறம் வெட்டிய சாசேஜை ரொட்டியில் அடுக்க மறந்து கையிலேயே வைத்திருந்தான். அது வேடிக்கை இல்லை என்று அவனுக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

அவன் செய்து பார்க்கவில்லை. அவள் செய்து பார்த்தாள். முட்டை மஞ்சள் கருவிலிருந்து எடுத்த கொழுப்பைச் சோப்போடு கலந்து, சவ்வில் ஊற்றிக் கலக்கி, சுழற்றி, அடியில் படிந்ததை விட்டுவிட்டு மேலே நின்ற தெளிந்த நீரை எடுத்து நஞ்சைக் கலந்தாள். மெஷின் எண்ணியது. மதியம் எண்ணினாலும் அதே எண். மறுநாள் காலையும் எண் அசையவில்லை.

ப்ரொஃப் ஒரு பெரிய புட்டி ஷெர்ரி ஒயினைத் திறந்து ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குவளைகளில் ஊற்றிக் கொடுத்தார். பட்டப்பகலில் எல்லாரும் குடித்தோம். லோத்தரும் குடித்தான். கிளெனிஸின் கையைப் பிடித்துக் குலுக்கி, "நல்லா பண்ணிருக்க," என்றான். குரலில் குறை சொல்ல முடியாது. ஆனால் காது மடல் இரண்டும் சிவந்து கிடந்ததை நான் பார்த்தேன்.

அதற்கப்புறம் அவனுக்கு அவள் செய்வதெல்லாம் கண்ணில் குத்தியது. குழாய்களில் பெயர் எழுதாமல் வைப்பது, பாதித் தேநீரை மேசைமேல் ஆறவிடுவது, ப்ரொஃப் அவள் மேசைக்குத் தானே நடந்து வருவது. "முன்னாடி என்னைத்தான் அவர் ரூமுக்குக் கூப்பிடுவாரு," என்றான் என்னிடம். "இவகிட்ட இவரே வர்றாரு. பாத்தியா?" நான் பார்க்கவில்லை. அவன் அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான். ஆய்வுக்கூடத்தில் அவளோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டான். பேசாததையெல்லாம் வீட்டில் கொண்டுபோய்க் கொட்டினான்.

ஏவிஸ் ஒருநாள் மேலே சர்க்கரைத் தூள் உதிரும் கேக் ஒன்றைத் தட்டில் வைத்து, துணியால் மூடி, எங்கள் மாடிக்கு ஏறி வந்தாள். லோத்தர் நூலகத்துக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் வந்தாள். நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, உதட்டுச் சாயத்தோடு.

கிளெனிஸ் கையுறையைக் கழற்றி வீசிவிட்டு ஓடிவந்தாள். கிழிந்த ஸ்வெட்டர், மூக்கு குளிரில் சிவந்திருந்தது. "நீதான் ஏவிஸா? அந்தத் தொப்பியைப் பின்னினது நீதானே? எனக்கும் ஒண்ணு பின்னிக் குடேன், உனக்குப் புண்ணியமாப் போகும்."

ஏவிஸ் இதை எதிர்பார்க்கவில்லை. "பாக்கலாம்," என்றாள்.

கிளெனிஸ் கேக்கில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு கேக்கணும். உன் புருஷன் என்கிட்ட மூஞ்சி குடுத்தே பேச மாட்டேங்கிறான். நான் ஏதாச்சும் தப்பாப் பேசிட்டேனா? வீட்டுல என்னைப் பத்தி ஏதாவது சொன்னானா?"

"உன்னைப் பத்தியா? ஒண்ணுமே சொன்னதில்லையே," என்றாள் ஏவிஸ்.

தட்டை அங்கேயே விட்டுவிட்டு அவள் படி இறங்கினாள். வேலையிடத்தில் அவளோடு பேச மறுக்கிறான், வீட்டுக்கு வந்து அவளைத் தவிர வேறு பேச மாட்டேன் என்கிறான். இது சாதாரணச் சபலம் இல்லை, மனதுக்குள்ளேயே வைத்து வளர்க்கிற வகை என்று அவள் கணக்குப் போட்டாள். அன்று இரவே சொல்லிவிட்டாள், லோத்தர் போகவிருந்த ஹோபார்ட் மாநாட்டுக்குத் தானும் வருவதாக.

மாநாட்டில் கிளெனிஸ் பேசுவதாக ஏற்பாடு. அதற்குச் சில வாரங்கள் முன்பு, ஒரு சனிக்கிழமை காலை, கட்டடத்தில் ஆளில்லாத நேரத்தில், லோத்தர் குளிர் அறையிலிருந்து அவளுடைய மிச்சக் குழாய்களில் ஒன்றை எடுத்தான். கேட்காமல்தான் எடுத்தான்.

அவன் மனதில் ஒரு சந்தேகம் இருந்தது, சரியான சந்தேகம்தான். சுழற்றியபின் மேலே நிற்கும் நீரில் இருப்பதெல்லாம் கரைந்தது என்று கொள்வது எங்கள் வழக்கம். ஆனால் கொழுப்பு கனம் இல்லாதது. அவள் வேறு கூடுதலாகக் கொழுப்பைச் சேர்த்திருந்தாள். சவ்வின் நுணுங்கிய துண்டுகள் சில கனம் குறைந்து, படியாமல், மேலேயே மிதந்தால்? அப்படியானால் வாய்க்கால் வெளியே வரவே இல்லை. வீடு இடிந்து துண்டு துண்டாகியிருக்கிறது, ஆள் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறான். உயிரோடு இருப்பதில் என்ன அதிசயம்?

கீழ்த்தளத்தில் இருந்த பெரிய சுழற்றும் மெஷினில், அவள் சுழற்றியதைவிட இரண்டு மடங்கு வேகத்தில் வெகு நேரம் சுழற்றினான். நிறுத்தி, குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். அடியில், முன்பு இல்லாத இடத்தில், பழச்சாறு உறைந்ததுபோல் கண்ணாடி நிறத்தில் ஒரு படிவு. அதை எடுத்துக் கலக்கி நஞ்சைச் சேர்த்து எண்ணினான். வாய்க்கால் அதில் இருந்தது, உயிரோடு.

அன்று வீட்டுக்கு வந்தவன் ஏவிஸின் இடுப்பைப் பிடித்துச் சமையலறையில் ஒரு சுற்றுச் சுற்றினானாம். அவளுக்கு அதுவும் சந்தேகமாகத்தான் பட்டது.

மறு வாரம் முழுவதும் அவன் கிளெனிஸோடு நன்றாகப் பேசினான். அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தான். பேச்சுக்கான படங்களை அவள் விரித்து வைத்து, "எங்கயாச்சும் ஓட்டை தெரியுதா லோத்?" என்று கேட்டபோது, ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "எழுத்து கொஞ்சம் பெருசா இருக்கலாம்," என்றான்.

ஹோபார்ட்டில் மே மாதக் குளிர். மலை உச்சியில் பனி விழுந்திருந்தது. மண்டபத்தில் ஏவிஸ் கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மேடையில் இருந்தவளையும், நடு வரிசையில் இருந்த புருஷனின் பிடரியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கிளெனிஸ் அழகாகப் பேசினாள். சிரிக்கவும் வைத்தாள். கைதட்டல் ஓய்ந்ததும் தலைவர் கேள்வி உண்டா என்றார். லோத்தர் எழுந்தான்.

ஒரே ஆய்வுக்கூடத்து ஆள் எழுந்து கேள்வி கேட்பது வழக்கமில்லை. ப்ரொஃப் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க சுழற்றினதுக்கு ரெண்டு மடங்கு வேகத்துல சுழற்றிப் பாத்தீங்களா?" என்று கேட்டான் லோத்தர். அந்தச் சபைக்கு ஏற்ற மரியாதைக் குரல். "ஏன் கேக்கிறேன்னா, நான் சுழற்றிப் பாத்தேன். அடியில படியுது. படிஞ்சதுல வாய்க்கால் உயிரோட இருக்கு. அப்ப இது கரைஞ்சு வெளிய வந்ததுன்னு எப்படிச் சொல்றீங்க? சவ்வுத் துண்டு மெதக்குதுன்னுதானே சொல்லணும்?"

கிளெனிஸ் கையிலிருந்த குச்சியை மேசைமேல் வைத்தாள்.

"இல்ல," என்றாள். "அந்த வேகத்துல நான் சுழற்றல. நல்ல கேள்வி. பதில் இப்ப என்கிட்ட இல்ல."

லோத்தர் உட்கார்ந்தான். தான் அத்தனை வருடம் தவித்ததெல்லாம் ஒரு நொடியில் தீர்ந்ததுபோல் இருந்ததாம். ஒரு நொடிதான். அப்புறம் ப்ரொஃபின் முகத்தைப் பார்த்தான்.

இடைவேளையில் தேநீரோடு அவன் ஒரு ஜன்னலோரம் நின்றான். எங்கள் ஆட்கள் யாரும் பக்கத்தில் போகவில்லை. முன்பின் தெரியாத ஒருவன் வந்து, "சரியான அடி," என்று முதுகில் தட்டிவிட்டுப் போனான். கிளெனிஸ் நேராக அவனிடம் வந்தாள். நானும் ஏவிஸும் பிஸ்கட் மேசையருகே நின்றிருந்தோம், எல்லாம் காதில் விழுந்தது.

"எப்பத்திலேருந்து தெரியும்?"

"கொஞ்ச நாளா."

"எனக்கு டீ போட்டுக் குடுத்தியே, அப்பவேவா?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"ஓட்டை தெரியுதான்னு உன்னைத்தானே கேட்டேன். எழுத்து பெருசா இருக்கணும்னு சொன்ன." அவள் குரல் உயரவில்லை. "சரி, அத விடு. அடியில படிஞ்சதை அளந்த. மேல நின்னது என்னாச்சு? அதுல எவ்வளவு இருந்துது?"

லோத்தரின் கை கோப்பையோடு அப்படியே நின்றது.

"மேல நின்னது, லோத். அவ்வளவு வேகத்துக்கும் படியாம நின்னதே, அது. அதுல இருந்தா அது கரைஞ்சதுதானே? அளந்தியா இல்லையா?"

"இல்ல."

"எங்க வச்சிருக்க?"

"தொட்டியில ஊத்திட்டேன்."

கிளெனிஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நீயா?" என்றாள். அவ்வளவுதான். கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்று பிற்பகல் துறைமுகத்தோரம் ஏவிஸும் லோத்தரும் நடந்தார்கள். மாவுக்குள் சிப்பிக்கறி அடைத்துச் சுட்ட சூடான அப்பம் ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவன் சாப்பிடவில்லை. கடற்காக்கை ஒன்று அவன் காலருகே வந்து காத்து நின்றது.

"நீ அவமேல ஆசைப்பட்டுட்டன்னு நெனைச்சுட்டிருந்தேன்," என்றாள் ஏவிஸ்.

அவன் அதிர்ந்து திரும்பினான். "யார்மேல? கிளெனிஸ் மேலயா?"

"ஆசையா இருந்திருந்தா நாலு தட்டை உடைச்சிருப்பேன், எங்கம்மா வீட்டுக்குப் போயிருப்பேன், நீயும் வந்து கூப்பிட்டிருப்ப. முடிஞ்சிருக்கும். இது என்ன எழவுன்னே எனக்குப் புரியலையே லோத்தர். அந்தப் பொண்ணு மேடையில நிக்குறா, நீ எழுந்து அப்படிச் சிரிச்ச."

"நான் சிரிக்கல."

"பின்னாடியிலேருந்தே தெரிஞ்சுது. காதுகூட சிரிச்சுது."

அவன் கையிலிருந்த அப்பத்தைப் பார்த்தபடி சொன்னான். "மேல நின்னதுல எண் வந்துடுமோன்னு பயம் ஏவிஸ். அளந்தா தெரிஞ்சுடும். அதான் ஊத்திட்டேன். என் வாழ்க்கையில நான் அப்படி எதையும் ஊத்தினதில்ல." அப்பத்தைக் கடற்காக்கைக்குப் போட்டுவிட்டான். ஏவிஸ் தன்னுடையதில் பாதியைப் பிய்த்து அவன் கையில் திணித்தாள். இன்னொருத்தி என்று யாரும் இல்லை. அந்த நிம்மதி அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்ததாம்.

அடிலெய்டுக்குத் திரும்பியபின் ப்ரொஃப் அவனோடு பேசுவதை நிறுத்தினார். தேநீர் அறையில் அவன் நுழைந்தால் பேச்சு நின்றது. கிளெனிஸ் வந்த மறுநாளே புது மூளைகளை வரவழைத்து முதலிலிருந்து ஆரம்பித்தாள். கீழ்த்தளத்தில் பெரிய மெஷினுக்குமுன் அவள் நிற்கும்போது லோத்தர் கதவருகே வந்து நின்றான்.

"வேடிக்கை பாக்க வந்தியா?"

"அந்த மெஷின் எடை சமமா இல்லன்னா உதறும். குழாய் ரெண்டும் ஒரே எடையா இருக்கணும். நீ கண்ணால பாத்து ஊத்துவ."

அவள் யோசித்தாள். விலகி நின்றாள். அவன் குழாய்களைத் தராசில் வைத்துத் துளித் துளியாகச் சரிசெய்து உள்ளே இறக்கி மூடினான். மெஷின் ஓடி நிற்கும்வரை இருவரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள்.

இந்த முறை இரண்டையும் அளந்தார்கள். அடியில் படிந்ததில் ஏறக்குறையப் பாதி. அவன் சொன்னபடி, அது சவ்வுத் துண்டு. மேலே நின்ற நீரில் மறு பாதி. உண்மையாகவே கரைந்து, வெளியே வந்து, உயிரோடு இருந்த வாய்க்கால். எண்ணும் மெஷின் காகிதத்தில் எண்ணை அடித்துத் தள்ளியபோது கிளெனிஸ் துள்ளிக் குதித்தாள். லோத்தரின் முகம் சுண்டியது. அவனால் அதை மறைக்க முடியவில்லை, அவள் அதைப் பார்த்தும்விட்டாள்.

"வயித்தெரிச்சலா?" என்றாள்.

"ஆமா," என்றான் அவன். "நெஞ்சு வரைக்கும்."

அவள் உரக்கச் சிரித்தாள். கட்டடத்தில் அத்தனை பேரும் சுற்றி வளைத்துப் பேசிக்கொண்டிருந்ததை முதல்முறையாக ஒருவர் வாய்விட்டுச் சொன்னதால் வந்த சிரிப்பு என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

லோத்தர் ப்ரொஃபின் அறைக்குத் தானே போனான். "அவ சொன்னது சரி. நான் பாதிதான் அளந்தேன், மீதியை வேணும்னே விட்டேன்," என்றான். ப்ரொஃப் தலையசைத்தார். உட்காரச் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் திருத்தி எழுதி அனுப்ப மாதங்கள் ஆயின. அது அச்சாவதற்குள் வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்று அதே வழியில் அதே வாய்க்காலை எடுத்து முதலில் வெளியிட்டுவிட்டது. அந்த இதழ் வந்த காலை கிளெனிஸ் அதை எடுத்துக்கொண்டு லோத்தரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இருவரும் ஒரே பக்கத்தைப் படித்தார்கள்.

"உன் கேள்வி இல்லன்னா நான் தப்பா அச்சடிச்சு மாட்டியிருப்பேன்," என்றாள். "அதே கேள்வியை டீ குடிக்கும்போதே கேட்டிருந்தா நாமதான் முதல்ல அச்சடிச்சிருப்போம். உன்னை என்ன பண்றதுன்னே தெரியல."

லோத்தர் பக்கத்தைத் திருப்பினான். கொஞ்ச நேரத்தில் அவன் விரல் ஒரு படத்தின்மேல் நின்றது. "இவங்க எவ்வளவு வேகத்துல சுழற்றினாங்கன்னு போடவே இல்ல, பாத்தியா?"

"எங்க?" அவள் குனிந்தாள். "அட ஆமா! திருட்டுப் பயலுக."

அன்று முழுவதும் இரண்டு பேரும் தலையை ஒட்டிக்கொண்டு, யாரென்றே தெரியாத அந்த ஆட்களை வறுத்தெடுத்தார்கள். அவர்கள் நட்பு என்று நான் எதையாவது சொல்வதானால் அது அன்று தொடங்கியதைத்தான் சொல்ல வேண்டும்.

அதற்காகப் பொறாமை போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். சில வருடங்கள் கழித்து கிளெனிஸுக்கு பிரிஸ்பேனில் ப்ரொஃபசர் பதவி கிடைத்தது. லோத்தரும் அதற்கு மனுப் போட்டிருந்தான். வழியனுப்பு விருந்துக்கு அவன் வரவில்லை. மறுநாள் காலை வந்து, அவளுடைய கண்ணாடிச் சாமான்களை ஒவ்வொன்றாகச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினான். ஒன்றுகூட வழியில் உடையவில்லை.

பிரிஸ்பேன் போனபிறகு அவள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். எழுதிய எதையும் அச்சுக்கு அனுப்பும்முன் லோத்தருக்கு ஒரு பிரதி அனுப்புவாள். "அச்சானதும் நீ எப்படியும் தோண்டித் துருவுவ. முன்னாடியே துருவிக் குடு," என்று தொலைபேசியில் சொன்னாளாம். அவன் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்காருவான். ஓட்டை கிடைத்த அன்று அவனுக்குத் தலைகால் புரியாது. சிட்னியிலிருந்து வந்த ஒரு ஆள் தேநீர் அறையில் கிளெனிஸின் எண்கள் நம்பும்படி இல்லை என்று சொன்னபோது, லோத்தர் எழுந்து நின்று அவனை வார்த்தையால் தோலுரித்ததையும் நான் பார்த்திருக்கிறேன். அவளைக் குறை சொல்லும் உரிமையை அவன் வேறு யாருக்கும் தரத் தயாராக இல்லை.

ஓய்வு பெற்று, அண்ணனின் தோட்டத்துக்குப் பக்கத்தில் டனுண்டாவில் வீடு கட்டிப் போனபிறகும் பிரதிகள் வந்துகொண்டிருந்தன. ஒருமுறை வந்ததில் எவ்வளவு தேடியும் ஒரு பிழை அகப்படவில்லை. அவன் முகம் வாடிவிட்டது. சாப்பாட்டைத் தொடவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து கொடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏவிஸ் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவன் தோட்டத்துக்குப் போன நேரத்தில் பிரிஸ்பேனுக்குப் போன் போட்டாள்.

"கிளெனிஸ், அடுத்த தடவை அதுல ஏதாச்சும் ஒரு தப்பை வச்சு அனுப்பும்மா. இந்த மனுஷன் பட்டினி கெடக்குறான்."

மறுமுனையில் கிளெனிஸ் சிரித்து ஓய்வதற்கு நேரமாயிற்று. "வேணும்னே வச்சா கண்டுபிடிச்சுடுவான். அப்புறம் உன்னையும் என்னையும் சும்மா விடமாட்டான். இரு." காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "மூணாவது படத்துல எனக்கே ஒரு எடம் சரியாப் படல. என்னன்னு புடிபடல. இன்னொரு தடவை பாக்கச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாத."

ஏவிஸ் சொல்லவில்லை. துடைக்கும் சாக்கில் பிரதியை மூன்றாவது படத்தில் திறந்து மேசைமேல் வைத்தாள். மாலை திரும்பி வந்த லோத்தர் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான், குனிந்தான், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டான்.

"ஏவிஸ்!" என்று கத்தினான். "இங்க பாரு, இவ பண்ணி வச்சிருக்கிறதை!"

"என்ன பண்ணிட்டா?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள் ஏவிஸ், உருளைக்கிழங்கைத் தட்டில் எடுத்து வைத்தபடி.

அவன் அன்று இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.